தாய் உப்பில் உறங்கியவை

மிக்கேலம்மாள் பீச்சாங்கைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வந்த பேரும் அந்தக் கையால்தான், வந்த பழியும் அந்தக் கையால்தான். புன்னைக்காயலில் பிறந்த நாளிலிருந்து சோறு, சிலுவை, சண்டை எல்லாவற்றுக்கும் அவள் நீட்டியது இடது கை. பெற்ற தாய் அந்தக் கையை முதுகோடு சேர்த்து முந்தானையால் கட்டிப் பார்த்தாள். கோவில் உபதேசியார் பிரம்பால் தட்டிப் பார்த்தார். சோற்றுக்கும் சிலுவைக்கும் வலது கை ஒருவழியாக வந்தது. வேலைக்கு மட்டும் வரவே மாட்டேன் என்றுவிட்டது.

அவளைத்தான் திரேஸ்புரத்து வளன் கட்டிக்கொண்டு வந்தான். வளன் கடலுக்குள் முங்கிச் சங்கு எடுக்கிறவன். வாய் கொஞ்சம் நீளம். அவனுடைய அம்மா வெள்ளத்துரை அண்ணாச்சியின் வாடியில் மீனுக்கு உப்புப் போடுகிறவள். வாடி என்றால் கடற்கரையோரம் கருவாடு போடுகிற இடம்: வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், மேலே ஓலைக்கூரை, முன்னால் காயப்போட மணல்வெளி. மூன்றாவது தொட்டி மாமியாருடையது. சொந்தம் இல்லை, அதில் உப்புப் போடும் உரிமை அவளுக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்த உரிமையை அரண்மனை மாதிரி காத்து வைத்திருந்தாள். சாகும்போது மருமகளுக்கு அந்தத் தொட்டியையும் ஒரு துணி முடிச்சையும் விட்டுவிட்டுப் போனாள்.

முடிச்சில் இருந்தது தாய் உப்பு. ஒரு தொட்டிச் சரக்கு நன்றாக வந்துவிட்டால், அடியில் தங்கிய உப்பில் ஒரு கை அள்ளி, வெயிலில் காயவைத்து, துணியில் முடிந்து, குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். அடுத்த தடவை மீன் அடுக்கும் முன் அதை அவிழ்த்து முதல் உப்பாக அடியில் தூவுவார்கள். பாலுக்கு உறைமோர் விடுகிற மாதிரி. உப்புக்கு எதற்கு உறை என்று கேட்டால் அந்த வாடியில் ஒருத்திக்கும் பதில் தெரியாது. கேட்டவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மிக்கேலம்மாள் உப்புப் போட ஆரம்பித்தால் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சீலா மீனை முதுகோடு பிளந்து விரித்து, சதையில் கீறல் போட்டு, இடது கையால் உப்பைத் தேய்ப்பாள். கை அழுத்துவதும் தெரியாது, விடுவதும் தெரியாது. அவள் போட்ட சரக்கைக் கொழும்பில் ஓலைப்பாயைப் பிரிக்கும் முன்பே மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "பீச்சாங்கைனாலும் ராசியான கை" என்பார். கல்யாண வீட்டுக்காரர்கள்கூட ஊறுகாய்க்கு உப்புப் போட அவளைக் கூப்பிடுவார்கள்.

உலகச் சண்டை ஓய்ந்து கொழும்புக்குத் தோணிகள் மறுபடியும் தாராளமாகப் போக ஆரம்பித்த வருஷம். அந்த ஆடியில்தான் சிவப்பு வந்தது.

முதலில் சீலாவின் வயிற்று மடிப்பில், வெற்றிலை போட்டவன் வாயோரம் மாதிரி லேசாகத்தான் இருந்தது. மிக்கேலம்மாள் அதைத் துடைத்துவிட்டு, எல்லோரும் செய்வதையே செய்தாள்: இன்னும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். மீன் கெட்டால் உப்புக் குறைச்சல், அதுதானே கணக்கு? இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சிவப்பு முதுகுவரை ஏறியிருந்தது. இன்னும் உப்பு. சிவப்பு கொழகொழவென்று ஆகி, ஒரு மாதிரி மக்கல் வாடை அடித்தது. தொட்டியின் விளிம்பு, மீனை அமுக்க வைக்கிற கல், மரக்கட்டை எல்லாம் குங்குமம் கரைத்துப் பூசிய மாதிரி ஆயிற்று. உப்புப் போடப் போட அது செழித்தது. கொழும்புக்குப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது.

அடுத்த தொட்டிக்காரி சண்முகவடிவு. வேலையில் கெட்டிக்காரிதான், ஆனால் அவள் வாய் தனியாகக் கூலி வாங்கலாம். அவள்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"ஏளா மிக்கேலு, மீன் என்ன வயசுக்கு வந்துட்டா?"

நாலு பேர் சிரித்தார்கள். மிக்கேலம்மாள் சும்மா இருப்பாளா? "ஒன் நாக்குல உள்ள செவப்பு ஒட்டிக்கிச்சுளா. அங்கிட்டுத் தள்ளி நில்லு" என்றாள்.

சிரிப்பு சிரிப்போடு போகவில்லை. அது ரத்தம் என்றார்கள். கடலில் செத்தவன் ரத்தம் என்றார்கள். பீச்சாங்கையால் ஒரு காரியம் தொடங்கினால் எத்தனை நாளைக்குத்தான் விளங்கும் என்றார்கள். நேற்றுவரை ராசியான கை என்றவர்கள்தான். கல்யாண வீட்டில் ஊறுகாய்க்குக் கூப்பிட்டிருந்தவர்கள், "வேற ஆளு வந்துட்டாவ" என்று சொல்லி அனுப்பினார்கள். மிக்கேலம்மாள் வாடியில் அழவில்லை. வீட்டுக்கு வந்து குசினியில் உட்கார்ந்து இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பயந்த மனுஷர். ஒரு நாள் கூப்பிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மிக்கேலு, ஒங்க மாமியா காலத்துல இருந்து உள்ளது. எனக்கு மனசில்ல, பாத்துக்க. ஆனா மழை ஓஞ்சு தை மாசம் போற சரக்கும் செவந்துச்சுன்னா, மூணாம் தொட்டிய வடிவுகிட்ட குடுத்துருவேன். நீ மணல்ல காயப்போடுத வேலைய பாரு. உப்புல மட்டும் கை வைக்காத."

உப்பில் கை வைக்காதே. இதைவிட அவளை வெளியே போ என்று சொல்லியிருக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் எபனேசர் வாத்தியார் வந்து சேர்ந்தார். சாயர்புரத்தில் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் நடத்துகிறவர். லீவு நாளில் சைக்கிளில் சீசாக்களைக் கட்டிக்கொண்டு உப்பளம் உப்பளமாக அலைவார். கோடையில் பாத்தித் தண்ணீர் இறுகி இறுகி உப்பு விளையப் போகிற சமயத்தில் சிவந்து நிற்குமே, அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவார். உப்பளத்து ஆட்கள் அவருக்குச் 'சீசா வாத்தியார்' என்று பேர் வைத்திருந்தார்கள். கருவாடு வாங்க வாடிக்கு வந்தவர், ஒதுக்கிப் போட்டிருந்த மூன்றாம் தொட்டிச் சரக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யம்மா, இந்தச் செவந்த துண்டுல ஒண்ணு தாங்க."

மிக்கேலம்மாளுக்குச் சுருக்கென்றது. "நக்கல் பண்ணுதீயளா சார்வாள்? நல்ல துண்டு அங்கன இருக்கு."

"நல்லது எனக்கு வேண்டாம். இதுதான் வேணும்."

"திங்கவா?"

"பாக்க."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? ஊரே பாத்துட்டுப் போயாச்சு."

"யாரும் இன்னும் பாக்கலம்மா," என்றார் அவர். "இது ரத்தமில்ல, சாபமுமில்ல. உசுரு. சின்ன உசுரு. நான் கண்ணாடி கொண்டாந்து காட்டுதேன்."

சொன்னபடியே அடுத்த சனிக்கிழமை வந்தார். பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடிக் குழாயைப் பெட்டியோடு சைக்கிளில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி துண்டால் சுற்றிக் கொண்டுவந்தார். பித்தளைக் குழாய், கீழே ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. அதை வாடிக்கு வெளியே, வெளிச்சத்தில், மீன் எடை போடும் பலகைமேல் வைத்தார். சிவந்த தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டார். கடலுக்குப் போகாத நாள் என்பதால் வளனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். அவன்தான் முதலில் கண்ணை வைத்தான்.

"ஆத்தாடி! என்னா பெரிய காடு!"

"அது ஒங்க கண்ணிமை முடி, வளன்," என்றார் வாத்தியார்.

வளன் விலகிக்கொண்டான். மிக்கேலம்மாள் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்தாள். முதலில் இருட்டு. அப்புறம் வெள்ளை வட்டம். வாத்தியார் ஒரு திருகைத் திருகினார். வட்டத்துக்குள் சீரகத்தைவிட மெல்லிசாக, குச்சி குச்சியாக என்னவோ தெரிந்தது. ஒன்றா இரண்டா? கூட்டம் கூட்டமாக. சில சும்மா கிடந்தன, சில நகர்ந்தன. ஒரு சொட்டுத் தண்ணீரில் திருவிழாக் கூட்டம்.

"செவப்பாவே இல்லியே!" என்றாள்.

"ஒத்தைக்கு ஒத்தை பாத்தா நெறம் தெரியாதும்மா. கோடி சேந்தாத்தான் செவப்பு."

அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஆமா. கடல் தண்ணிய கையில அள்ளுனா நீலமாவா இருக்கு?"

வாத்தியார் சிரித்தார். ஆனால் அவருக்கே ஒரு குழப்பம் இருந்தது, அதை மறைக்காமல் சொன்னார். இந்த உயிர்களைச் சாயர்புரத்துக்குக் கொண்டுபோய், மற்றக் கிருமிகளை வளர்க்கிற மாதிரி இறைச்சிச் சாற்றில் விட்டு வளர்த்துப் பார்த்தாராம். ஒன்றும் வளரவில்லை. எதனால் என்று தெரியவில்லை. பேசிக்கொண்டே, கூட்டம் நெருக்கமாக இருக்கிறது, கொஞ்சம் நெகிழ்த்துவோம் என்று குடிதண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் விட்டார். மிக்கேலம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குச்சிகள் எல்லாம் ஒரு நொடி நின்றன. பிறகு உப்பின. நீளமாக இருந்தது உருண்டையானது. உருண்டையானது மங்கியது. மங்கியது இல்லாமல் போனது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, அலை வந்து மணலில் எழுதியதை அழிக்கிற மாதிரி, அத்தனையும் போய்விட்டது. வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது.

"சேசு மரி சூசை!" அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "காணோம் சார்வாள். ஒண்ணையும் காணோம். என்ன ஊத்துனீய?"

"நல்ல தண்ணிதான்... குடிக்கத் தண்ணி."

வாத்தியார் தாமும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து நெற்றியில் அறைந்துகொண்டார். "நான்தான் மடையன்," என்றார். "சாறுல உப்பு பத்தல. நானே அத்தனையையும் கொன்னு போட்டுட்டு வளரலியேன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

மிக்கேலம்மாள் பலகை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிறந்தது முதல் கேட்டதெல்லாம் நல்ல தண்ணீருக்கான அழுகைதான். கடலோரத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்: சுற்றிலும் தண்ணீர், குடிக்க இல்லை. குடத்தோடு குழாயடியில் நின்று சண்டை போட்ட கை அவளுடையது. உப்பு பட்டால் செடி சாகும், புண் எரியும், நாக்கு வெடிக்கும். நமக்குச் சாவாக இருக்கிற உப்பு இன்னொரு உயிருக்கு வீடாக இருக்கிறது. நமக்கு உயிராக இருக்கிற தண்ணீர் அதற்குச் சாவாக இருக்கிறது. இப்படியும் ஒரு படைப்பா? இத்தனை நாளும் அதை அழிக்கிறேன் என்று அவள் அள்ளி அள்ளிப் போட்டது அதற்கு விருந்து!

இதோடு விட்டிருந்தால்கூட அவளுக்குப் போதும். ஆனால் அடுத்த தடவை வந்தபோது வாத்தியார் இரண்டு பாத்திரங்கள் கொண்டுவந்தார். இரண்டிலும் அவளுடைய தொட்டித் தண்ணீர். ஒன்று வாயகன்ற தட்டில், திறந்தபடி. மற்றது தக்கை போட்டு இறுக மூடிய சீசா. தட்டில் இருந்தது ஒரே சிவப்பு. சீசாவில் நிறம் மாறி, மேலே பாலாடை மாதிரி ஒரு படலம் மிதந்தது.

"ஒரே தொட்டி, ஒரே நாள்ல எடுத்தது," என்றார். "சீசாவுக்குள்ள காத்து கொறஞ்சுபோச்சு. இதுகளுக்குக் காத்து வேணும். என்ன செஞ்சிருக்குங்க தெரியுமா? ஒவ்வொண்ணும் தனக்குள்ள சின்னச் சின்னக் காத்துப்பை கட்டியிருக்கு. மீனு வயித்துல இருக்குமே, அது மாதிரி. அதக் கட்டிக்கிட்டு மேல மெதந்து வந்திருக்கு, காத்தைத் தேடி. திறந்த தட்டுல இருக்கது அவ்வளவா கட்டல. தேவை இல்ல, கட்டல."

"அது வேற சாதியா இருக்கும்," என்றாள் மிக்கேலம்மாள். ஒன்றைச் சட்டென்று ஒத்துக்கொள்வது அவள் பிறவியில் இல்லை.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். தட்டுல உள்ளதை எடுத்து மூடிப் பாத்தேன். கொஞ்ச நாள்ல அதுவும் பை கட்டிருச்சு. அந்த வித்தை எல்லாத்துக்குள்ளயும் இருக்கும்மா. மடிச்சு வச்சிருக்கு. கஷ்டம் வந்தா எடுக்குது. இல்லன்னா எடுக்காம சும்மா வச்சிருக்கு."

வளன் இதுவரை கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் வந்து சீசாவை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். நையாண்டி எல்லாம் போய்விட்டது.

"சார்வாள், ஒரு சந்தேகம். நான் கல்லைக் கட்டிக்கிட்டு முங்குதேன். அடியில நெஞ்சு முட்டும்போது இடுப்புக் கயித்தை ஒரு இழுப்பு இழுப்பேன். படகுல நிக்கவனுக்குச் சேதி போகும், அவன் தூக்குவான். கயிறு இல்லேன்னா நான் பொணம். சரி, இதுக்குக் கயிறு எது? காத்து கொறஞ்சுபோச்சு, பையைக் கட்டுன்னு இதுக்கு எவன் சொல்லுதான்? மேல எவன் நிக்கான்?"

வாத்தியார் மீன் பலகைமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மேல யாரும் இல்ல வளன். முங்குறதும் அதுதான், இழுக்கதும் அதுதான், தூக்குறதும் அதுதான். வெளிய உப்பு கூடிட்டு, காத்து கொறஞ்சிட்டுன்னு அது மேல்தோலுக்குத் தெரியுது. அங்க இருந்து உள்ள சேதி போகுது. உள்ள இருந்து, இந்த வேலையை நிறுத்து, அந்த வேலையைத் தொடங்குன்னு உத்தரவு வருது. சீமையில கிருமிகளை வச்சுப் பாத்தவங்களும் இதத்தான் சொல்லுதாங்க. தேவை வந்த பெறகுதான் அதுக்கு வேண்டிய ஆயுதத்தைச் செய்யுதாம். கயிறு இருக்கது நிச்சயம். எங்க இருக்கு, எதால திரிச்சதுன்னு எனக்குத் தெரியாது. இன்னும் ஒருத்தருக்கும் தெரியாதுன்னுதான் நெனைக்கேன்."

கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதற்கு மூக்கு இல்லை, நெஞ்சு இல்லை, மூளை இல்லை. ஆனால் மூச்சு முட்டுவது தெரிகிறது. மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிகிறது. ஆழத்தில் எத்தனையோ தடவை முங்கி எழுந்த வளன், கோவிலில் நிற்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சீசாவைத் திருப்பிக் கொடுத்தான்.

அப்புறம்தான் வாத்தியார் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இது தொட்டிக்கு எப்படி வந்துச்சு? பழைய உப்பு எதையும் திரும்பப் போடுவீங்களா?"

மிக்கேலம்மாள் முகம் மாறியது. "தாய் உப்பு போடுவோம். அது எங்க மாமியா குடுத்தது. அதுல ஒண்ணும் இருக்காது."

"ஈரமில்லாம காஞ்சு கெடந்தாலும்..."

"அடுப்பு மேல தொங்குது சார்வாள்! புகையில, சூட்டுல, சொட்டு ஈரம் இல்லாம! அதுல எது உசுரோட இருக்கும்? எங்க மாமியா அவ மாமியாகிட்ட வாங்குனது. அதைக் குத்தம் சொல்லாதீய."

"குத்தம் சொல்லல. பாத்துருவமான்னு கேக்கேன்."

அவர் சொன்னது சரி என்று காட்ட அல்ல, தப்பு என்று காட்டத்தான் அவள் சம்மதித்தாள். குசினியில் இரண்டு புதுப் பானைகள் வைத்தாள். இரண்டிலும் ஒரே மீனின் பாதி பாதி. ஒன்றில் அளத்திலிருந்து வந்த புது உப்பு மட்டும். மற்றதில் அதே புது உப்போடு ஒரு சிட்டிகை தாய் உப்பு. துணியால் வாயைக் கட்டினாள். வளன் பக்கத்தில் போனால்கூட, "தொடாதேயும், மூச்சு விடாதேயும்" என்று விரட்டினாள். பூசைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை துணியை அவிழ்த்துப் பார்த்தாள்.

தாய் உப்புப் பானைதான் முதலில் சிவந்தது. சிவந்தது என்றால் சாதாரணமாக இல்லை, மாணிக்கம் மாதிரி. அவள் அந்தப் பானை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் வந்து சொன்னது இதுதான்: தண்ணீர் வற்றி உப்பு கல்லாக இறுகும்போது, அந்த உயிர்கள் கல்லுக்குள்ளேயே ஒரு துளித் தண்ணீரோடு அடைபட்டுப் போகும். அங்கே தின்ன ஒன்றும் இல்லை. அதனால் வளர்வதை நிறுத்தும், பெருகுவதை நிறுத்தும், உடம்பைச் சுருக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். கல் மறுபடி கரைகிற நாள்வரைக்கும். கரைந்ததும், விட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கும்.

"அப்ப எங்க மாமியா, அவ மாமியா, அவளுக்கு முந்துனவ..." மிக்கேலம்மாள் மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் இதுகளத்தான் முடிஞ்சு முடிஞ்சு வளத்தாளுவளா? நான் சோறு பொங்குன அடுப்பு மேல, என் தலைக்கு மேல, இத்தன காலமும் இத்தன கோடி உசுரு தூங்கிக்கிட்டு கெடந்துச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. இரண்டையும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொன்றும் நடந்தது. புது உப்பு மட்டும் போட்ட பானையும் லேசாகச் சிவந்தது. உப்பளத்துப் பாத்தியிலிருந்தே வருகிறது போலும். மிக்கேலம்மாள் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீயளா! எங்க மாமியா மட்டும் குத்தவாளி இல்ல!" வாத்தியார் இரண்டு கையையும் தூக்கி ஒத்துக்கொண்டார். அளத்திலிருந்து வருவதைத் தடுக்க முடியாது, ஆனால் கொஞ்சம்தான் வரும், மெதுவாகத்தான் வளரும் என்றார். நாமே அள்ளி அள்ளி விதைப்பதுதான் பெரிய கேடு: தாய் உப்பு, விளிம்பில் ஒட்டியிருப்பது, அப்புறம் தொட்டி 'மலடாகக்கூடாது' என்று மழைக்காலம் முழுக்க மூடி வைக்கிற பழைய உப்புத் தண்ணீர்.

"அதுக்கு என்ன செய்யணும்?"

"ஒங்க கண்ணால பாத்தீங்களே," என்றார் வாத்தியார்.

பார்த்தாள்தான். ஆனால் குடிக்கவே குடம் குடமாக வரிசையில் நின்று பிடிக்கிற ஊரில், தொட்டி கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அதற்கும் மேலாக, கருவாட்டுத் தொட்டியில் நல்ல தண்ணீர் படக்கூடாது என்பது அந்த வாடியின் வேதம். பட்டால் மீன் அழுகும். அது பொய்யும் இல்லை. மீனில் பட்டால் அழுகத்தான் செய்யும். வெறும் தொட்டியில் பட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தியும் பார்த்ததில்லை.

ஐப்பசி மழை இறங்கியது. வாடியில் எல்லாரும் தொட்டிகளை ஓலையால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மிக்கேலம்மாள் மட்டும் மூன்றாம் தொட்டியின் பழைய உப்புத் தண்ணீரை வாளியால் இறைத்து மணலில் கொட்டினாள். பிறகு கூரையில் ஏறிய வளனைப் பார்த்து, "அவுத்து எறியும்" என்றாள். அவன் ஓலைகளைப் பிரித்துத் தள்ளினான். மழை தொட்டிக்குள் நேராக விழுந்தது.

"ஐயையோ, அண்ணாச்சி! இவளைப் பாருங்க!" என்று சண்முகவடிவு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடினாள். "தொட்டிய நாசம் பண்ணுதா! தையில எனக்கு வரப்போற தொட்டி!"

அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏளா, கிறுக்கு புடிச்சுட்டா? மழைத் தண்ணி எறங்குனா தொட்டி செத்துப்போவுமே!"

"அதத்தான் செய்யுதேன் அண்ணாச்சி," என்றாள் அவள். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "அதுக்குள்ள இருக்கது சாகட்டும்னுதான். தை வரைக்கும் தொட்டி எனக்குன்னு சொன்னீயளா இல்லியா? சொன்ன வாக்கு வாக்கா இருக்கட்டும். அதுக்குப் பெறகு நீங்க என்னைய எங்கன வேணாலும் நிறுத்துங்க."

அண்ணாச்சி குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்.

தேங்காய் நாரால் அவள் விளிம்பு விளிம்பாகத் தேய்த்தாள். கல்லைத் தேய்த்தாள், கட்டையைத் தேய்த்தாள். கல்லில் ஒட்டியிருந்த சிவப்பு விட்டுக்கொடுத்து மழைத்தண்ணீரில் கரைந்தது. தொட்டி நிறைய இளஞ்சிவப்புத் தண்ணீர். ரோசாப்பூவைப் பிழிந்து விட்ட மாதிரி அத்தனை அழகு. அவள் நாரை வைத்துவிட்டு அதைப் பார்த்தாள். ஒவ்வொரு துளியிலும் எத்தனை கோடி உப்பி, உருண்டு, மறைந்துகொண்டிருக்கும்? உப்புக்கு வழி தெரியும், காற்றுக்கு வழி தெரியும், பட்டினிக்கு வழி தெரியும். இந்த ஒன்றுக்கு மட்டும் அவற்றிடம் மடித்து வைத்த வித்தை எதுவும் இல்லை. பாவம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றினாலும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. இறைத்தாள், மழை நிரப்பியது, மறுபடி இறைத்தாள்.

மார்கழிக் கடைசியில் வெயிலில் காய்ந்த தொட்டியில் மீன் அடுக்கும் நாள் வந்தது. பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மிக்கேலம்மாள் முதல் கை உப்பை இடது கையால் அள்ளினாள், சாக்கிலிருந்து. முடிச்சு எதுவும் கொண்டுவரவில்லை. "ஏளா, தாய் உப்பு எங்க?" என்று யாரோ கேட்டார்கள். "வீட்டுல தூங்குது. எழுப்பல" என்றாள்.

தை பிறந்து சரக்கை எடுத்தார்கள். மணலில் ஓலைப்பாய் விரித்துக் காயவைத்தார்கள். சீலாவெல்லாம் தந்த நிறத்தில் மின்னின. மோந்து பார்த்தால் கடல் வாசமும் உப்பு வாசமும்தான். மற்றத் தொட்டிகளில் இந்தத் தடவை சிவப்பு ஏறியிருந்தது, வடிவின் தொட்டியிலும்தான். அண்ணாச்சி ஒவ்வொரு துண்டாகப் புரட்டினார். அவர் முகம் விரிந்துகொண்டே போனது. கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"கைராசி திரும்பி வந்துட்டுல்லா! நான் சொல்லல? பீச்சாங்கைனாலும் ராசியான கை! ஏ வடிவு, நீ மணலுக்குப் போ. ஒன் தொட்டியையும் மிக்கேலு பாக்கட்டும்."

வடிவு தன் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

மிக்கேலம்மாள் அதைப் பார்த்தாள். "அண்ணாச்சி, அந்தப் பேரு எனக்கு வேண்டாம்" என்றாள்.

"எந்தப் பேரு?"

"கைராசி. இன்னைக்கு அத வாங்கிக்கிட்டா நாளைக்குப் பழியையும் வாங்கிக்கிடணும். அன்னைக்கு என் கைல ஒரு பாவமும் இல்ல. இன்னைக்கு என் கைல ஒரு புண்ணியமும் இல்ல. இந்தா பாருங்க." அடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவர் முன்னால் போட்டாள். வால் பக்கத்தில் லேசான சிவப்பு. "இதுலயும் இருக்கு. முழுசாப் போவாது. அதுகளுக்குப் பீச்சாங்கை எது, சோத்தாங்கை எது, வடிவு கை எது, என் கை எது, ஒண்ணும் தெரியாது. உப்பு தெரியும். காத்து தெரியும். தண்ணி தெரியும். நீங்க கையப் பாக்காதீய. தொட்டியப் பாருங்க. வடிவு தொட்டி வடிவுகிட்டயே இருக்கட்டும், மழைக்குத் திறந்து விடச் சொல்லுங்க."

அண்ணாச்சி அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததோ இல்லையோ, "சரி" என்று சொன்னார். அவர் அவ்வளவு சொன்னதே பெரிசு.

அதற்குப் பிறகு உடம்பில் தெம்பு இருந்தவரை மிக்கேலம்மாள்தான் அந்த மூன்றாம் தொட்டியில் உப்புப் போட்டாள். சிவப்பு எப்போதாவது வரும். வந்தால் யாரும் யார் கையையும் பார்ப்பதில்லை. அடுத்த ஐப்பசியில் முதல் இடி இடித்ததும் வடிவுதான் முதலில் ஓடிப்போய்த் தன் தொட்டி ஓலையைப் பிரித்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகப் பிரித்தார்கள். வாடி முழுக்கத் தொட்டிகள் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. நிரம்பி வழிந்த இளஞ்சிவப்புத் தண்ணீர் மணலில் சிறு ஓடையாகக் கடலைப் பார்த்து ஓடியது. பெண்கள் அதில் கால் நனைத்துக்கொண்டு சளசளவென்று நடந்தார்கள். மிக்கேலம்மாள் மட்டும் சேலையைத் தூக்கிப் பிடித்து, அதை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.